சுண்ணாம்புக் கோட்டில் படுத்துப் பார்த்த வீடு

வீடு கட்டுகிறவர்களுக்குச் சீமெந்துக் கவலை. கட்டிய வீட்டுக்கு ஆள் வருமோ என்பது எங்களைப் போன்றவர்களின் கவலை. முதியோரோடு வேலை செய்து களைத்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுனாமிக்குப் பிறகு, தேற்றாத்தீவு வாவிக்கரையில், தனித்துப்போன பன்னிரண்டு முதியவர்கள் சேர்ந்து வாழ ஒரு இல்லம் கட்டினார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு, அவர்களின் விருப்பத்தைக் கேட்டு இஞ்சினியர் ஐயாவிடம் சொல்லும் வேலை.

கதவில்லாத அறை

ஐயா கீறிய வீட்டுப் படத்தை முதியவர்கள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டுக் குடிவராமல் நின்றுவிட்டால்? வெறும் நிலத்திலேயே சுண்ணாம்பால் அறைகளைக் கீறி, பாய் விரித்து, ஒவ்வொருவரையும் தன் அறையில் படுத்துப் பார்க்கச் சொன்னேன். பாம்பு வருமோ, வெயிலில் மயங்குவார்களோ என்று நான் சுற்றிச் சுற்றி நடந்தேன். மீன்பிடிகாரர் கந்தையா மாமா மட்டும் சுகமாகக் கால் நீட்டினார்.

"அறை எனக்குக் காணும் புள்ள. போகக்குள்ள கதவைத் திறந்து விட்டுட்டுப் போ, வேர்க்கிது."

பிடுங்கிய கட்டைகள்

மறுநாள் பார்த்தால், கரையோரம் அடித்த அளவுக் கட்டைகள் எல்லாம் மேட்டில், பூவரசுகளுக்குப் பின்னால் நிற்கின்றன. என் வேலை போனதென்றே நினைத்தேன். பிடுங்கி நட்டவர் கந்தையா மாமா. மாரியில் வாவி எதுவரை ஏறும் என்று காட்டினார். மரங்களை வெட்டாமல் விட்டால் கோடையில் வீசும் கச்சான் காற்றின் சூடும் குறையுமாம். ஐயா படத்தை மாற்றினார்.

"கட்டில்ல கிடந்தபடியே மீன் புடிக்க எனக்கு ஆசைதான் ஐயா. மத்தவங்க ஏசுவாங்க."

மாமியின் யன்னல்

புதிய கோட்டில் எல்லோரும் படுத்தார்கள். பாக்கியம் மாமி மட்டும் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, அதுவரை தங்கியிருந்த அகதி முகாமுக்கு நடந்தார். யன்னல்களை எல்லாம் வாவியைப் பார்க்கக் கீறியிருந்தேன். இரண்டு மகள்மாரைக் கடல் கொண்டுபோன பிறகு, தண்ணீர் தெரிகிற இடத்தில் அவர் இருப்பதில்லை.

முகாமை மூடப்போகிறார்கள், மாமிக்கு வேறு போக்கிடமில்லை. ஓடிப்போய்க் கூட்டிவந்து, எந்தப் பக்கம் பார்க்க விருப்பம் என்று கேட்டேன். மறுபடி படுத்தார். இடமும் வலமும் புரண்டார்.

"குசினிப் பக்கம் வை. கறிக்குள்ள என்ன போடுறீங்க எண்டு நான் பாக்கோணுமே."

கரையில் நின்றவர்

குடிவந்த பிறகும் எனக்குப் பயம். மாமி நிலைப்பாரா, எழுந்து போய்விடுவாரா? ஒரு காலை அறையில் ஆளைக் காணோம். பதறித் தேடினால், வாவிக்கரையில் நிற்கிறார்! கந்தையா மாமா தோணியில் கொண்டுவந்த மீனின் செவுளைப் பிரித்து, "இது நேத்தைய மீன்" என்று மாமி ஏசிக்கொண்டிருந்தார். "தண்ணியப் பாக்கமாட்டன் எண்டியே?" என்று மாமா சீண்டினார். மாமி நிமிரவேயில்லை.

"ஆரு தண்ணியப் பாத்த? நான் மீனத்தான் பாக்கிறன்!"

இப்போது பன்னிரண்டு பேரும் குறை சொல்வதை விட்டுவிட்டார்கள். மழைக்குக் கூரை ஒழுகுமோ என்று முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது நான் ஒருத்திதான்.