எடுத்துக்கொடுத்த வரி

எங்கள் நாடகக் குழு 2006-ல் சுங்குவார்சத்திரத்தில் ஒரு செருப்புக் கடை மாடியில் தொடங்கியது. முதலில் திருவிழாக்களில் புராண நாடகம் போட்டோம். ஊரே ஷிஃப்ட்டுக்குப் போகத் தொடங்கியதும் உட்கார்ந்து பார்க்க ஆளில்லை. குழுவை நடத்தியவர் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு வார நாடகம் போட ஒப்புக்கொண்டார். அதே எமன், அதே கிரீடம். கேட்டில் செக்யூரிட்டி எமனிடம் பாஸ் கேட்பார். கேன்டீனில் தொழிலாளர்கள், "யோவ் எமா, உனக்கு ஓ.டி. உண்டா?" என்று கத்துவார்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. ஆனால் தடங்கலில்லாமல் வாசிப்பேன். திரைக்குப் பின்னால் நின்று, நடிகர்கள் மறந்த வரியை எடுத்துக்கொடுப்பது என் வேலை.

விபத்தில் சிக்கும் தொழிலாளியாக நடித்தவர் திருநெல்வேலிக்காரர். அவருக்கு உண்மையிலேயே வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையில், தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் போனவை. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்திவிடும் சென்சார் அதில் உண்டு. உற்பத்தி குறைகிறது என்று சூப்பர்வைசர்தான் அதை அணைக்கச் சொன்னாராம். நாடகத்துக்கு அனுமதி கொடுத்த தொழிற்சாலை அதிகாரிகளோ வேறு வரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். "சென்சாரை நானேதான் அணைத்தேன். தப்பு என் மேல்தான்." இரண்டு வருடம் அவர் கையைத் தூக்கிக் காட்டி அதைச் சொன்னார்.

பிறகு அவர் விரல் போன தொழிற்சாலையிலேயே நாடகம் கிடைத்தது. அங்கே அதிகாரிகள் மாறியிருந்ததால் அவர்களில் யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. திரை கட்டும்போது என்னிடம் வந்தார்.

"அக்கா, இன்னைக்கு மட்டும் அந்த வரியச் சொல்ல மாட்டேன். என்கூட வேல பாத்த லைன் ஆளுங்க இருக்காங்க. அவங்களுக்கு நடந்தது தெரியும்லா? சும்மா நின்னுட்டு வந்திருதேன். எடுத்துக் குடுத்திராதீங்க."

சரி என்று தலையாட்டினேன்.

அந்த இடம் வந்தது. கையைத் தூக்கி நின்றார். பேசவில்லை. குழுவை நடத்தியவர் என் பக்கத்தில் வந்து, "இன்னாம்மா பாத்துகினு கீற? குடு!" என்றார்.

வரியை மெதுவாகச் சொன்னேன். அவர் அசையவில்லை.

"காதுல விழல போல. சத்தமாக் குடும்மா!"

சத்தமாகவே சொன்னேன். மேலே தொங்கிய மைக் அதை இழுத்துக்கொண்டது. "தப்பு என் மேல்தான்" என்று கேன்டீன் முழுக்க என் குரல் கேட்டது. பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். முன்னால் ஒரு மேசையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் கையை இறக்கினார். மேடையின் முன்பக்கமாகவே இறங்கி அந்த மேசைக்குப் போனார். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். எமன் அடுத்த வசனத்தைத் தொடங்கிவிட்டார்.

வேனில் அவர் ஏறவில்லை. அதன் பிறகு குழுவுக்கும் வரவில்லை.

அவருக்குப் பதிலாக வந்தவர் விரல்களை மடக்கித் துணி சுற்றிக்கொண்டு நடித்தார். 2015-ல் குழு கலையும்வரை அந்த வரியை அவர் ஒருமுறைகூட மறக்கவில்லை. நான் நோட்டைப் பிடித்தபடி, அந்த இடம் வரும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.