தீபாவளிச் சீராக வந்த தண்டுகள்

காலை ஆறு இருபது. கிள்ளைக்குப் போகும் பேருந்து வேகம் குறைந்தபோது, வடிகால் கரையில் வெட்டிக் குவித்திருந்த நெய்வேலிக் காட்டாமணக்குத் தண்டுகள்தான் முதலில் கண்ணில் பட்டன. அடியில் கிடந்தவை சித்திரை வெயிலில் காய்ந்திருந்தன. மேலே கிடந்தவற்றின் பால் நெடி ஜன்னலுக்குள் வந்தது. இறங்கிவிட்டேன்.

அந்தச் செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊதாப் பூ, லட்சணமாக இருக்கும். ஆடுகூட வாய் வைக்காது. கோடையில் வெட்டினால் காய்ந்து விறகாகிவிடும். மழையில் வெட்டினால் விழுந்த இடத்தில் கணுவுக்குக் கணு வேர் விடும். இது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கோடையில் வறண்டு கிடக்கும் வடிகாலை யார் நினைப்பார்கள்? ஐப்பசியில் வானம் கறுத்த பிறகுதான் கத்தியோடு ஓடுவார்கள். அவரவர் வயலோரத்தை அவரவர் வெட்டி, வெட்டியதைத் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். மழை குறைந்த வருடங்களில் அது பாதி வழியில் தரைதட்டி நின்றுவிடும்.

சுனாமிக்கு அடுத்த வருடம் மழை குறையவில்லை. அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு நாளிதழின் நிருபர்; மழைச் செய்திக்குக் குடையை மறந்துவிட்டுப் போகும் நிருபர். நனைந்தபடி போய் நின்றபோது, வடிகாலின் கடைசி வயல்காரரான அஞ்சலை, சாலைக்கு அடியில் போகும் குழாயின் வாயில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தண்டுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து மிதந்து வந்தவை குழாயை அடைத்துவிட்டன. தண்ணீர் திரும்பி அவருடைய சம்பாப் பயிரின் மேல் ஏறியிருந்தது. கணவர் இல்லை. அந்த ஒரு போகம்தான் அவர் வீட்டுக்கு வருடத்துச் சோறு.

அதற்கு அடுத்து மேலே இருந்த வயல் அவர் தம்பி கலியமூர்த்தியுடையது. அவரும் பக்கத்தில் இறங்கி இழுத்துக்கொண்டிருந்தார்.

“பாருங்க சார், தீபாவளிக்கு எந்தம்பி அனுப்புன சீரு” என்றார் அஞ்சலை. “நான் பொடவதான் கேட்டேன்.”

“நான் எங்க அனுப்புனேன் அக்கா? தண்ணி இட்டுக்கினு வந்துச்சு.”

“தண்ணிக்கு எங்கொல்லைக்கு வழி காட்டுனது யாரு?”

கலியமூர்த்தி அடுத்த தண்டைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க மேலேயிருந்து வந்துகொண்டே இருந்தது. பயிர் அழுகியது. நான் எழுதிய செய்தி சின்னதாக வந்தது. அதில் காட்டாமணக்கு இல்லை. பொங்கலுக்கு முன்பே அஞ்சலை திருப்பூரில் இருந்த மகளிடம் போய்விட்டார்.

இன்று கரையில் கத்தியோடு நின்றவர் கலியமூர்த்திதான். தலை முழுக்க நரைத்துவிட்டது. வடிகாலுக்குள் ஒரு தண்டுகூட இல்லை.

“இப்பல்லாம் வெயில்லயே வெட்டிடறேன் சார். அக்கா கரையையும் சேத்து.”

“அக்கா வந்தாங்களா?”

“வரல.”

குழாயின் வாய் சுத்தமாக இருந்தது. அஞ்சலையின் வயலில் அந்த வருடத்துக்குப் பிறகு நடவு இல்லை.