கொக்கி கிழித்த மூட்டை

பழைய துறைமுகத்தில் இப்போது எதுவும் சிந்துவதில்லை. சரக்கெல்லாம் பூட்டிய இரும்புப் பெட்டியில் வருகிறது, கிரேன் தூக்கி லாரியில் வைக்கிறது, போய்விடுகிறது. பாய்மரக் கப்பல் காலத்துக் கிடங்கில் காபிக் கடை போட்டிருக்கிறார்கள். போன மாதம் அம்மாவைக் கூட்டிப்போனேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "தரையை இன்னும் நல்லாப் பெருக்கலாம்" என்றாள். அவள் வாய் சும்மாவே இருக்காது.

அந்தத் தரையைப் பெருக்கியவள் அவள்தான். அப்பா கண்ணை மூடியதும் என்னையும் தம்பியையும் காப்பாற்ற அங்கே துடைப்பம் பிடித்தாள். கூலி சொற்பம். ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது: மூட்டையில் இருப்பது வியாபாரிக்கு, தரையில் சிந்தியது பெருக்குகிறவளுக்கு. எங்கள் அடுப்பு எரிந்ததே அந்தச் சிந்தலை நம்பித்தான். மூட்டையில் அம்மா கை வைக்க மாட்டாள். யாராவது இரக்கப்பட்டு எதையாவது நீட்டினால் மூஞ்சியிலேயே எறிவாள். அப்படி ஒரு ரோஷம்.

மூட்டை தூக்குகிறவர்களில் 'மலை' என்று ஒருவர். அவர் கொக்கி போட்டால் கோதுமை மூட்டை கிழிந்து பொலபொலவென்று கொட்டும். அம்மா அதை முறத்தில் அள்ளிக்கொண்டே அவரைத் திட்டித் தீர்ப்பாள். ஒருநாள் கோபம் தலைக்கேறி மேஸ்திரியிடமே போய்விட்டாள்.

"இந்த ஆளுக்குக் கொக்கி பிடிக்கவே தெரியல. பெருக்கிப் பெருக்கி என் இடுப்பு ஒடியுது!"

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். மலைக்கு வேலையே போயிருக்கும். நிலக்கரிக் கொட்டகைக்கு மாற்றியதோடு விட்டார்கள். அதன்பிறகு மூட்டைகள் முழுசாகப் போயின. முறம் காலியாகவே வீடு வந்தது. தம்பி பசியில் அழுதபோதுதான் அம்மாவுக்கு உறைத்தது. மறுபடியும் மேஸ்திரியிடம் ஓடினாள்.

"நான்தான் தெரியாம உளறிட்டேன் ஐயா. அவரை இங்கேயே போடுங்க."

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "கொக்கி ஏன் கோணலாப் போகுதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்மா. பாக்காத மாதிரி இருந்தோம். நீயே புகார் சொன்னா நான் என்ன பண்றது? சரி போ, நாளைக்கு வரச் சொல்றேன்."

அம்மா நேராக நிலக்கரிக் கொட்டகைக்குப் போனாள். மலை தலையிலிருந்து கால்வரை கரியாக நின்றுகொண்டிருந்தார்.

"ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ வாங்கியிருப்பியா, தங்கச்சி?"

அம்மா அந்தக் கரிக்கையைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதாளாம். அந்தக் கை கிழித்த மூட்டைகளால்தான் நானும் தம்பியும் பிழைத்தோம்.