சாத்திய ஜன்னல்

முகம் தெரியப் பளபளக்கிறதே உங்கள் வீட்டு மேசை, அதைத் தேய்த்தது யார் என்று எப்போதாவது கேட்டதுண்டா?

அரக்கு பூசியவரை உங்களுக்குத் தெரியும். 'பாலிஷ்காரர்' என்று கைப்பேசியில்கூடப் பதிந்து வைத்திருப்பீர்கள். அவர் பூசுமுன் மரத்தைத் தேய்த்தவளுக்கு, ஒவ்வொரு பூச்சு காய்ந்ததும் மறுபடி உப்புத்தாள் போட்டவளுக்கு, 'கூட வந்த அவர் சம்சாரம்' என்பதுதான் பெயர்.

மரம் வழவழப்பாகிவிட்டதா என்று அவள் கையால் தடவிப் பார்க்க மாட்டாள். "கை காய்ச்சுப்போச்சு, பொய் சொல்லும்" என்பாள். குனிந்து கன்னத்தை வைப்பாள்.

"எப்படி இருக்கு?" என்பார் பாலிஷ்காரர்.

"உங்க கன்னத்துக்கு இது எவ்வளவோ தேவலைங்க. முதல்ல போய் ஷேவ் பண்ணுங்க."

கடைசியாகப் போன வீட்டில் பெரிய சாப்பாட்டு மேசை. அவள் தேய்க்கத் தொடங்கியதும் வீட்டுக்கார அம்மா வந்து ஜன்னலைச் சாத்தினார். தெருப் புழுதி உள்ளே வந்து பாலிஷில் ஒட்டிவிடக் கூடாதாம். போகிற வீடெல்லாம் இதே கதைதான். கல்யாணமான வருடத்திலிருந்து அவள் இப்படிச் சாத்திய அறைகளில்தான் மூச்சு விட்டாள். இருமல் வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். எச்சில் தெறித்தால் அரக்கு வெளுத்துப்போகும்.

பாதி மேசை முடிந்தது. கன்னத்தை வைத்துப் பார்த்தவளுக்கு எழுந்திருக்க மூச்சு போதவில்லை. நெஞ்சு முழுக்கத் தூசி என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

சொந்தபந்தம் 'கண்ணு பட்டுடுச்சு' என்றது. யார் கண் பட்டது? அவளைத்தான் யாருமே பார்க்கவில்லையே.

மிச்சப் பாதியைத் தேய்க்க அவர் தனியாக வந்தார். தேய்த்து, மேசை முழுக்க அரக்கு பூசினார். விளக்கைப் போட்டதும் மேசை காட்டிக்கொடுத்தது. அவள் பாதி அசையாத தண்ணீர் போல் கிடந்தது. அவர் பாதியில் வெளிச்சம் கீறல் கீறலாக உடைந்தது.

"அந்தப் பாதி மாதிரியே இதுவும் வரணும்ல?" என்றார் வீட்டுக்கார அம்மா. சொன்ன பிறகுதான் அது யாருடைய பாதி என்று உறைத்திருக்க வேண்டும். குரல் தணிந்தது. "மனசைத் தேத்திக்குங்க. எல்லாம் விதி."

"விதி இல்லம்மா," என்றார் பாலிஷ்காரர். "ஜன்னல்."

எழுந்து போய்த் திறந்தார். ஒரு விரலால் தள்ளியதுமே திறந்துகொண்டது.

தன் பாதியில் பூசியதை ஸ்பிரிட்டால் கரைத்துத் துடைத்துவிட்டு, மறுபடி உப்புத்தாளை எடுத்தார். சாயங்காலம் குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தார். மழிக்காத தாடி மரத்தில் உரசியது, ஒன்றும் தெரியவில்லை. முகத்தை அவள் பாதிப் பக்கம் திருப்பி, அப்படியே வெகுநேரம் கவிழ்ந்து கிடந்தார்.

உங்கள் வீட்டில் உப்புத்தாள் சத்தம் கேட்கும் நாளில், தூசியை அப்புறம் பெருக்கிக்கொள்ளலாம். தேய்க்கிறவர் கையில் ஒரு முகக்கவசம் கொடுங்கள். அதற்கும் முன்னால் எழுந்து போய் அந்த ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.