பன்னிரு கையனிடம் ஒரு விரல் கேட்டேன்

போன வருடத் தைப்பூசத்தன்று, தலையில் பால்குடத்தோடு நடந்து வந்தபோது, என் வலது ஆள்காட்டி விரலில் தைத்திருந்த தசைநார் மறுபடி அறுந்தது. குற்றம் யார் மேலும் இல்லை, என் அவசரத்தின் மேல்தான். இதைச் சொல்லாமல் முருகன் செய்ததை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை.

நான் லிட்டில் இந்தியாவில் ஓர் அழகுநிலையத்தில் நூல் கொண்டு புருவம் திருத்துகிறவள். நூலின் ஒரு முனை பல்லில் இருக்கும், மற்றதெல்லாம் விரல் வேலை. ஆள்காட்டி விரல் மடங்காவிட்டால் என் பிழைப்பு இல்லை. அதற்கு முந்தைய மார்கழியில் புக்கிட் பாத்தோக் வீட்டில் கண்ணாடி டம்ளரைக் கழுவும்போது அது உடைந்து உள்ளங்கையில் இறங்கிவிட்டது. மருத்துவமனையில் அறுந்த தசைநாரைத் தைத்து, கை அசையாமல் இருக்க ஸ்பிளிண்ட் மாட்டினார்கள். மூன்று மாதம் எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். அன்றே வேண்டிக்கொண்டேன், விரல் சரியானால் பால்குடம் எடுக்கிறேன் முருகா என்று.

சரியாகும்வரை காத்திருந்திருக்கலாம். ஆனால் ஐந்தாவது வாரமே தைப்பூசம் வந்தது. விரலும் லேசாக மடங்கியது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரு லா, கலா. அடுத்த வருஷம் எடுக்கலாம்," என்றார் என் கணவர் செல்வம்.

"சாமி காரியத்துல டாக்டர் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு ஸ்பிளிண்டைக் கழற்றி வைத்தேன்.

சிராங்கூன் சாலையில் புறப்பட்டு டேங்க் ரோடு முருகன் கோயிலை நெருங்கும்போது கூட்டத்தில் யாரோ இடிக்க, குடம் சரிந்தது. இறுக்கிப் பிடித்தேன். உள்ளங்கைக்குள் டப்பென்று ஏதோ விட்டுப்போனது. பால் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை, ஆனால் விரல் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. பால்குடம் எடுத்தும் இப்படியா என்று முருகன் மேல் பழி வரும் என்ற பயம். என் முட்டாள்தனம் வெளியே தெரியுமே என்ற வெட்கம் அதைவிடப் பெரிது. ஆறு வாரம் சிகிச்சைக்கே போகவில்லை. ஒரு மாலை சாமிப் படத்தின் முன் உட்கார்ந்து அழுதேன். வேண்டவில்லை, சண்டைதான் போட்டேன். "உனக்குப் பன்னிரண்டு கை இருக்கு. எனக்கு ஒரு விரலைத் தரக் கூடாதா?"

மறுநாள் காலை கைபேசி அடித்தது. மருத்துவமனையில் எனக்குக் கைப்பயிற்சி தரும் தேவி. "அக்கா, திட்ட மாட்டேன். கையை மட்டும் கொண்டாந்து காட்டுங்க." தற்செயல் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். எனக்கு அது பதில்.

இனி நேராகத் தைக்க முடியாது என்றார் டாக்டர். முதலில் தசைநாரின் இடத்தில் மெல்லிய சிலிக்கான் தண்டு ஒன்றை வைப்பார்கள். மூன்று மாதத்தில் அதைச் சுற்றி உடம்பே வழவழப்பான உறை ஒன்றை வளர்த்துக்கொள்ளும். பிறகு தண்டை எடுத்துவிட்டு, முன்கையிலிருந்து எடுத்த நாரை அந்த வழியே கோப்பார்கள். தண்டு விரலை மடக்காது. வழியை மட்டும் போட்டு வைக்கும்.

தண்டை வைத்தார்கள். அந்த மூன்று மாதம் நான் இடது கையால்தான் அந்த விரலை மடக்கி நீட்ட வேண்டும். மணிக்குப் பத்து முறை என்றாள் தேவி. நான் பன்னிரண்டு முறை செய்தேன். சரவணபவ என்ற ஆறெழுத்தில் எழுத்துக்கு ஒரு மடிப்பு, இரண்டு சுற்று. எம்ஆர்டி ரயிலில் எதிரே இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கடையிலும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். முதலாளி மல்லிகா அக்கா திட்டிவிட்டு, "உன் நாற்காலி உனக்குத்தான் லா, வந்து கல்லாவைப் பாரு," என்றார்.

ஆனி மாதம் நாரைக் கோக்கும் அறுவை சிகிச்சை. கை மட்டும் மரத்திருந்தது, நான் விழித்திருந்தேன். நடுவில் டாக்டர் விரலை மடக்கச் சொன்னார். ஐந்து மாதமாகப் பிறர் விரல்போலக் கிடந்தது, என் சொல்லைக் கேட்டு மடங்கியது. மேசையில் படுத்தபடியே அழுதேன்.

அதன்பின் ஸ்பிளிண்டை நான் தொடவே இல்லை. தேவி கழற்றினால்தான் உண்டு. தீபாவளிக் கூட்டத்துக்கு முன் மல்லிகா அக்கா தன் புருவத்தை என்னிடம் நம்பிக் கொடுத்தார். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வில்லாக வந்தது. விரல் நுனி இன்றும் முழுதாக மடங்காது. அது இருக்கட்டும்.

இந்த வருடத் தைப்பூசத்துக்கு முன் தேவியிடம் கேட்டேன், பால்குடம் எடுக்கலாமா என்று. என் பிடியைச் சோதித்துவிட்டுச் சொன்னாள், "தாராளமா எடுங்க அக்கா. இந்தத் தடவை கேட்டீங்களே, அதுவே போதும்."

எடுத்தேன். சந்நிதியில் குடத்தை இறக்கும்போது அதன் கழுத்தைச் சுற்றி ஐந்து விரல்களும் இருந்தன.

அன்பர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுதல் இருக்கும். அவனிடம் கேளுங்கள். அழுது கேளுங்கள், சண்டை போட்டும் கேளுங்கள். அவன் டாக்டர் வழியாகவும் வருவான், ஒரு தொலைபேசி அழைப்பாகவும் வருவான். முழுமனதாக நம்புங்கள். ஸ்பிளிண்டை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள்.