மேல் கம்பியைப் பிடித்து நின்றவர்

பிள்ளைகளே, ஷிப்ட் பஸ்ஸில் என்னோடு ஒருவர் வருவார். எத்தனை சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். இரண்டு கையாலும் மேல் கம்பியைப் பிடித்தபடியே நிற்பார்.

அவர் இரட்டைப் பிள்ளையில் இளையவர். அண்ணனும் அவரும் அச்சு அசலாக ஒரே முகம். குறிஞ்சிப்பாடியிலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த ஒரு பெண்ணை அந்த அண்ணன் பலவந்தமாகக் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். போலீசுக்குக் கிளம்பியவளை எங்கள் குடியிருப்பு பிளாக்கில் இருக்கும் பெரியவர் ஒருவர் மறித்தார்.

"விட்டுடும்மா. அவன் அப்பனும் இப்பிடித்தான். எல்லாம் ஜீன்லயே இருக்குதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். அவன் என்ன பண்ணுவான்?"

அவள் தயங்கி நின்றாள். அப்போது இளையவர் முன்னால் வந்தார்.

"பெரியவரே, அவன் கூடவே ஒரே வயித்துல கெடந்தவன் நான். அந்த ஜீன் எனக்கும்தான் இருக்குது, ஆசையும் இருக்குது. என் கை ஏன் நீளல? நீ வாம்மா, நானும் ஸ்டேசனுக்கு வர்றேன்."

இருவரும் போய்ப் புகார் கொடுத்தார்கள்.

மறுநாள் பஸ்ஸில் அவர் முகத்தைக் கண்டதும் பெண்கள் ஒதுங்கினார்கள். நான் வருத்தப்பட்டேன்.

"மொகத்த மாத்த முடியாதுங்க. கை எங்க இருக்குதுன்னு காட்டலாமில்ல?" என்று சொல்லி எழுந்து, இரண்டு கையாலும் மேல் கம்பியைப் பிடித்து நின்றார்.

எல்லாரும் மறந்த பிறகும் அவர் அந்தக் கம்பியை விடவில்லை.