சேந்தனுக்கு இருபத்தொன்பது வயது

பனிநாட்டு நகரமொன்றின் ரொம்மன் பகுதியில், பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றின் மேல்மாடி அறையில் ராகவி ஓவியம் வரைகிறாள். காலையில் பாலர் பள்ளியில் வேலை, பின்னேரம் தூரிகை. கோடையில் வெகுநேரம் வெளிச்சம் நிற்பதால் அப்போதுதான் அவளுக்கு வேலை ஓடும்.

அந்தக் கோடையில் பக்கத்து வெஸ்ட்லியிலிருந்து சிறிதேவி வந்தார். அவருடைய ஒரே மகன் சேந்தன், ராகவியோடு தமிழ்ப் பள்ளியில் படித்தவன். பதினேழு வயதில் பியோர்ட் என்ற மலையிடுக்குக் கடலில் குளிக்கப் போய் மூழ்கிவிட்டான். பன்னிரண்டு வருடமாகிறது. சிறிதேவி அவனுடைய புகைப்படத்தை நீட்டினார்.

"இதைப் பெரிசாக் கீறித் தரவோ, அன்ரி?"

"இல்லைப் பிள்ளை. இப்ப இருந்தா எப்பிடி இருப்பான்? அந்த முகத்தை ஒருக்காப் பாக்கவேணும்."

மறுக்க ராகவிக்கு வாய் வரவில்லை. ஆனால் எத்தனை முறை வரைந்தாலும், மீசை ஒட்டிய பள்ளிக்கூடப் பெடியன்தான் வந்தான். கடைசியில் சிறிதேவியைத் தொலைபேசியில் கேட்டாள்:

"அங்கிள் இஞ்ச வந்து எனக்கு முன்னால இருப்பாரோ? அவற்ற முகத்திலையிருந்துதான் அவன்ர முகத்தை எடுக்கலாம்."

"அவர் பிள்ளையைப் பற்றிக் கதைக்கிறதே இல்லை. கேட்டுப் பாக்கிறன்."

சேந்தனின் தகப்பன் இரத்தினவேல் வந்தார். செப்டெம்பர் முழுவதும் சனிக்கிழமைகளில் சன்னலோரம் அமர்ந்து, வெளியே மஞ்சளாகிக்கொண்டிருந்த பேர்ச் மரங்களையே பார்த்திருந்தார். வெளிச்சம் வாரத்துக்கு வாரம் குறைந்தது. ராகவி அவசரமாக வரைந்தாள். அவர் படத்தின் பக்கம் திரும்பவேயில்லை.

ஒருநாள் எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்.

"தலைமயிர் கூடிப்போச்சு. எங்கட ஆக்களுக்கு முப்பதுக்குள்ள நெத்தி ஏறிடும்."

ராகவி நெற்றியை ஏற்றினாள்.

"கண்ணாடியும் போடு, பிள்ளை. அவனுக்கும் என்னைமாதிரிக் கண் பழுதாப் போயிருக்கும்."

சொல்லிவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றி அழுதார். ராகவி தூரிகையை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

ஒக்டோபரில் படம் முடிந்தது. சிறிதேவி நெடுநேரம் பார்த்தார்.

"இவனை எனக்குத் தெரியேல்லைப் பிள்ளை," என்றார். "கொண்டுபோக ஏலாது. இஞ்சையே இருக்கட்டும்."

தவறு செய்துவிட்டோமோ என்று ராகவி பல நாள் தூங்கவில்லை. புதிதாக ஒன்றும் வரைய முடியவில்லை.

பிறகொரு சனிக்கிழமை இரத்தினவேல் கதவைத் தட்டினார். சிறிதேவியும் கூட வந்திருந்தார். இருவரும் படத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டார்கள்.

"கலியாணம் கட்டியிருப்பானோ?" என்று சிறிதேவி கேட்டார்.

"எங்க? பந்தடிக்கத்தான் ஓடித் திரிஞ்சிருப்பான்."

ராகவி அறையின் மறுமூலைக்குப் போய், வெறும் கான்வாஸ் ஒன்றைச் சட்டத்தில் இழுத்து அடிக்கத் தொடங்கினாள்.